அப்பா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

கரூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மே மாதத்தைப் பற்றி யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வெயில் அதிகம் பதிவான ஊர்களை வானிலை அறிக்கையில் வாசிக்கும்போது ‘கரூர் பரமத்தி’ என்ற பெயர் அடிக்கடி வந்துவிடும். கத்திரி பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கே மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. இரவு பதினொரு மணிக்கும் சுவர் சுடும். பிள்ளைகள் ஈரத் துண்டை விரித்துத் தரையில் புரண்டுகொண்டிருப்பார்கள். 2019 மே மாதத்தில் அப்படி ஓர் இரவில்தான், “இந்த சனி, ஞாயிறு கொல்லிமலைக்குப் போறோம்” என்று வீட்டில் அறிவித்தேன். யாரையும் கேட்கவில்லை. அறிவித்தேன். இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் தவறு அது.

ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் மனம் அடங்கும். மறுநாளே ஒரு தாளில் பட்டியல் போட்டேன். அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை, மாசிலா அருவி, நம் அருவி, வாசலூர்பட்டி படகு இல்லம், சீக்குப்பாறை காட்சி முனை, எட்டுக்கை அம்மன் கோயில், சோளக்காடு சந்தை. இரண்டு நாளில் எட்டு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வந்துசேரும் நேரம், கிளம்பும் நேரம். சாப்பாட்டுக்குக்கூட அந்தத் தாளில் ஒரு கட்டம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க ஒரு கட்டம் இல்லை. கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதற்கும் இல்லை. அந்தக் கடைசிக் கட்டம் இல்லாமல் போனதுதான் இந்தக் கதை.

அப்பாவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. நாற்பது வருடம் கைத்தறி நெய்தவர். தறிக்குழிக்குள் காலை வைத்து உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் அன்றைய கூலியில் அரை முழம் குறையும் என்பது அவர் கணக்கு. அதனால் தாகத்தையும் மற்றதையும் அடக்கிப் பழகிய உடம்பு அது. ரத்த அழுத்தத்துக்கு ஏழெட்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்ததை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை விடிகாலையில் ஆறு பேரும் வாடகை வண்டியில் கிளம்பினோம். அப்பா, அம்மா, மனைவி, பதினொரு வயது மகள், எட்டு வயது மகன், நான். பரமத்தி வேலூர்ப் பாலத்தில் காவிரியைத் தாண்டி, நாமக்கல் வழியாகச் சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்தோம். அங்கே காலைச் சாப்பாடு. அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார், காபியில் பாதியை வைத்துவிட்டார். தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை. “மலை ஏறையில வயித்தப் பொரட்டும் சாமி, வேண்டாம்” என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

காரவள்ளி அடிவாரத்தில் மலைப்பாதை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கு ஒரு ஜன்னலில் தலையை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார்கள். இருபதாவது வளைவில் வெயிலின் நிறம் மாறியது. நாற்பதுக்கு மேல் காற்று மாறியது. அறுபதைத் தாண்டியதும் மகள் திரும்பி, “அப்பாரு, குளுருதுங்களா?” என்று கேட்டாள். அப்பா சிரித்தார்.

கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். கொல்லிமலையின் மேற்பரப்பு ஏறக்குறைய ஆயிரத்திலிருந்து ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. கரூரில் முப்பத்தொன்பது டிகிரி என்றால் மலைமேல் இருக்கும் செம்மேட்டில் முப்பத்திரண்டு இருக்கும், அவ்வளவுதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அடிக்கும் குளிர் இங்கே கிடையாது. இங்கே கிடைப்பது மரநிழலும் மலைக்காற்றும். மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு அடியில் நின்றால் சுகமாக இருக்கும். பத்தடி நகர்ந்து திறந்த வெளிக்கு வந்தால் உச்சி வெயில் மலையிலும் உச்சி வெயில்தான். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரின் கடுமையும் கூடும்; ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம்போல. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவதும் தெரியாது, உடம்பிலிருந்து தண்ணீர் போவதும் தெரியாது. வெயிலிலிருந்து தப்பி வந்துவிட்டோம் என்று நினைத்தேன். தப்பி வந்துவிட்டோம் என்ற அந்த நினைப்புதான் என் கண்ணைக் கட்டியது.

பட்டியலில் முதலில் இருந்தது பெரியகோவிலூர் அறப்பளீஸ்வரர் கோயில். பழமையான சிவன் கோயில். அம்பலவாணக் கவிராயர் ‘அறப்பளீசுர சதகம்’ பாடியது இந்த ஈசன்மேல்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அப்பாவுக்கு இந்தக் கதைகளில் ஈடுபாடு உண்டு. பிரகாரத்தில் உட்கார்ந்து ஓரியின் கதையைப் பேரனுக்குச் சொல்லத் தொடங்கினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரை. பட்டியல்படி பதினொன்றேகாலுக்கே அருவிக்கு இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்துதான் ஆகாய கங்கைக்குப் படிகள் இறங்குகின்றன. ஐயாறு அங்கே சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதன் காலடிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஒரு படி அரை அடி என்று வைத்துக்கொண்டாலும் ஐந்நூறு அடி. ஏறத்தாழ ஐம்பது மாடிக் கட்டடம். படி இறங்கும் இடத்தில் நின்று அப்பா கீழே எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “நான் இந்தக் கோயில்லயே இருக்கறேன். நீங்க பதனமாப் போயிட்டு வாங்க.”

நான் அதைக் கேட்டிருக்கலாம். ஒரு மனிதர் தனக்கு எது முடியும், எது முடியாது என்று தெளிவாக, மரியாதையாகச் சொல்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இவ்வளவு தூரம் வந்துட்டு மேலயே உக்காந்துக்கறேன்னா எப்படிங்கப்பா? நாளைக்கு எல்லாரும் சேர்ந்து வரவா போறோம்? மெல்ல இறங்குங்க, நான் கையப் பிடிச்சுக்கறேன்.” அம்மாவும், “அவரு இருக்கட்டும்டா” என்றாள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அவள் மேலே இருக்கலாம் என்று நானே அனுமதித்தேன். அப்பாவுக்கு வலி என்று ஒன்றும் வெளியில் தெரியாது. அதனால் அவருக்கு அனுமதி இல்லை.

உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். அருவிக்கு முன்னால் அப்பா, நான், என் மகன் என்று மூன்று தலைமுறை சேர்ந்து நிற்கும் ஒரு படம் எனக்கு வேண்டியிருந்தது. அந்தப் படத்தை வாரக்கணக்கில் மனதில் வைத்திருந்தேன். அப்பா இல்லாவிட்டால் படம் இல்லை. ஒரு படத்துக்காக அவரைப் படி இறக்கினேன். மகன் வளர்ந்து சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு பல அப்பாக்கள் மறுத்துப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். அவரும் ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

இறங்குவது எளிதாக இருந்தது. அதில்தான் சூது இருக்கிறது. சாதாரண மலையேற்றத்தில் கஷ்டம் முதலில் வரும். முடியாது என்று தோன்றினால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தில் விழும் அருவிக்குப் போகும்போது கணக்கு தலைகீழ். பலம் இருக்கும்போது இறங்குகிறோம், பலம் தீர்ந்த பிறகு ஏற வேண்டியிருக்கிறது. முதலில் முழங்காலும் தொடையும் தாங்கும், பிறகு இதயம் தாங்க வேண்டும். பாதி வழியில் அப்பாவின் கால் லேசாக நடுங்குவதைப் பார்த்தேன். “இன்னும் கொஞ்சந்தானுங்கப்பா” என்றேன். கையில் இருந்தது ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று. ஐந்து பேருக்கு. குரங்குகளுக்குப் பயந்து தின்பண்டப் பையை மேலே அம்மாவிடமே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

கோடையில் ஆகாய கங்கையில் தண்ணீர் குறைவு. ஆனாலும் அண்ணாந்து பார்த்தால் நெஞ்சு நிறையும். பிள்ளைகள் ஓடிப்போய் நின்றார்கள். அப்பாவும் தலையைக் கொடுத்தார். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் எல்லோருக்கும் தாகம் மறந்துபோனது. பாட்டிலை நீட்டினேன். “வேண்டாம் சாமி, குளிச்சதே குடிச்ச மாதிரி இருக்குது” என்றார். மனைவியும் வேண்டாம் என்றாள். படம் எடுத்தோம். நான் நினைத்ததுபோலவே வந்தது. மணி ஒன்றரை.

ஏற ஆரம்பித்தோம். பள்ளத்தாக்கில் காற்றே இல்லை. பாறை சூடு கக்கியது. அருவியின் ஈரம் காற்றில் நிறைந்திருந்தது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் வியர்வை ஒழுகுமே தவிர ஆவியாகாது. தண்ணீரும் உப்பும் போகும், சூடு போகாது. இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டியலில் அடுத்து மாசிலா அருவி, மூன்று மணி என்பதுதான். பிள்ளைகள் முன்னால் ஓட, நான் அவர்களுக்குப் பின்னால் ஓட, அப்பா கடைசியில் வந்தார்.

முக்கால்வாசி ஏறியிருப்போம். “மாமா!” என்று மனைவி கூப்பிட்ட குரல் கேட்டுத் திரும்பினேன். அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தார் என்பதைவிடச் சரிந்திருந்தார் என்று சொல்வதுதான் சரி. முகம் வெளுத்திருந்தது. கையைப் பிடித்தேன். அந்த வெயிலில் கை சில்லென்று, பிசுபிசுவென்று இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், “ஒண்ணுமில்ல, தல சுத்துது” என்றார், பக்கவாட்டில் சாய்ந்து வாந்தி எடுத்தார்.

அப்போது நான் செய்ததுதான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னை உறுத்துவது. பயத்தில் அவரைத் திட்டினேன். “முடியலைன்னா முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதுங்களா?” என்று பேரப்பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டேன். அவர் மேலேயே சொல்லியிருந்தார். சொன்னதைக் கேட்காதவன் நான். அவர் பதில் சொல்லவில்லை. வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மேலேயிருந்து ஓர் அம்மா இறங்கி வந்துகொண்டிருந்தார். மலைவாசி; படியோரம் கடை போட்டிருப்பவர். பார்த்த மாத்திரத்தில், “நெழலுக்குத் தூக்குங்க” என்றார். நானும் இன்னொரு பயணியும் அப்பாவைத் தாங்கி ஒரு மரத்தடியில் படுக்க வைத்தோம். காலுக்குக் கீழே பையை வைத்து உயர்த்தச் சொன்னார். சட்டைப் பொத்தானை அவிழ்த்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைக்கச் சொன்னார். வாந்தி நின்று அப்பா தெளிவாகப் பேசத் தொடங்கிய பிறகு எலுமிச்சையும் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தார். ஒரேயடியாகக் கொடுத்தால் மறுபடி வெளியே வந்துவிடும் என்றார். மகள் தன் துப்பட்டாவால் விசிறிக்கொண்டே இருந்தாள். முக்கால் மணி நேரத்தில் அப்பாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

அந்த அம்மா கிளம்பும்போது ஒன்று சொன்னார்: “வேகமா ஏறுறவங்க கீழ ஊர்க்காரங்க. நாங்க மெல்ல ஏறுவோம், நிக்காம ஏறுவோம். கூட்டத்துல கடேசி ஆளு எப்படி நடக்குறாங்களோ அதான் எல்லாருக்கும் நடை.” பணம் கொடுக்கப் போனேன். எலுமிச்சைக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். மீதிப் படிகளை ஏற எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இருபது படி ஏறுவோம், உட்காருவோம். மேலே வந்ததும் அவருடைய கடையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு குடித்தோம். மேலே ஆட்டுக்கால் ரோமம்போலப் பழுப்பு முடி படர்ந்த கிழங்கு அது; மிளகு தட்டிப் போட்டு வைத்திருந்தார். அப்பா இரண்டு குவளை குடித்தார். பட்டியலை நான் மடித்துப் பையில் வைத்தேன். மறுபடி எடுக்கவில்லை.

அன்று இரவு செம்மேட்டில் விடுதித் திண்ணையில் நானும் அப்பாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, “ஏனுங்கப்பா காலையில இருந்து தண்ணியே குடிக்கல?” என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். மாத்திரையை மாற்றியதிலிருந்து காலையில் அரைமணிக்கு ஒருதரம் போக வேண்டியிருக்கிறதாம். வண்டியில் மருமகள் இருக்கிறாள், பேத்தி இருக்கிறாள். அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம். மலைப்பாதையில் எங்கே நிறுத்துவது? படிகளில் எங்கே ஒதுங்குவது? “குடிக்காம இருந்துட்டா வம்பே இல்லன்னு நெனச்சேன். தறிக்குழியில பழகுனதுதான” என்றார்.

உள்ளே போய் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. “நானும் காலையில இருந்து குடிக்கலை. அத்தையும் குடிச்சிருக்க மாட்டாங்க. பொம்பளைங்க எல்லாரும் பயணத்துல இப்படித்தான்” என்றாள். பன்னிரண்டு வருடமாக அவளோடு எத்தனை பயணம் போயிருப்பேன்! தண்ணீரை நீட்டினால் வேண்டாம் என்பாள், நான் பாட்டிலை மூடி வைப்பேன். அவளுக்குத் தாகம் குறைவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகளும் அந்த வழக்கத்துக்கு வந்துவிட்டாள் என்று அன்றுதான் தெரிந்தது. பதினொரு வயதில்.

ஊர் திரும்பியதும் அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் விளக்கியதில் ஒவ்வொரு முடிச்சும் அவிழ்ந்தது. புதிய மாத்திரையில் நீரைப் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. அது உடம்பின் நீரையும் உப்பையும் வெளியேற்றும். வயது ஏற ஏறத் தாகம் என்ற உணர்வே மங்கிவிடும்; தாகம் எடுக்கவில்லை என்பதால் உடம்பில் நீர் இருக்கிறது என்று பொருளில்லை. குளிர்ந்த நீரில் நின்றால் சிறுநீர் இன்னும் கூடுதலாகப் பிரியும். இவற்றோடு உச்சி வெயில், காற்றில்லாத பள்ளம், ஐந்நூறு அடி ஏற்றம். அப்பாவுக்கு வந்தது வெப்பச் சோர்வு. அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் வெப்பத் தாக்காக மாறியிருக்கலாம் என்றார். உடம்புச் சூடு நாற்பது டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தவறினால் அதுதான் அடையாளம். அப்போது வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். அந்தப் படியிலிருந்து சாலைக்கு ஒரு மனிதரைத் தூக்கிவர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அன்று இரவு நான் தூங்கவில்லை.

பிறகு இரண்டு கோடைகள் கொரோனாவில் போயின. வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நாட்களில் அந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். அப்பாவின் உதடு வறண்டு வெடித்திருப்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. எடுத்தபோது எனக்குத் தெரியவில்லை.

2022 மே மாதத்தில் மறுபடி கொல்லிமலைக்குப் போனோம். இந்தமுறை அறிவிக்கவில்லை, கேட்டேன். ஆளுக்கு ஒரு ஆசை சொல்லச் சொன்னேன். பிறகு இன்னொரு கேள்வியும் கேட்டேன்: “எது வேண்டாம்?” அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நிறையப் பதில் வந்தது. அம்மாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்கார வேண்டாம். மனைவிக்கு வெளியில் உடை மாற்ற வேண்டாம். மகளுக்கு எந்தப் படமும் எடுக்க வேண்டாம். மகனுக்கு வளைவில் வாந்தி வரும் என்று பயம்; முன் இருக்கை வேண்டும். அப்பா யோசித்து, “பொழுதோட எழுந்து நடக்கோணும். மத்தியானம் எங்கியும் கூப்பிடாதீங்க” என்றார். பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தைக் கேட்டுக்கொண்டோம். நாமாக நிறுத்தக் கூடாது என்று அவர் உறுதியாகச் சொன்னார். வழியில் எங்கெல்லாம் சுத்தமான கழிப்பறை உண்டு என்று விசாரித்து வைத்தேன். முக்கால் மணிக்கு ஒருமுறை, யாரும் கேட்காமலே, வண்டி நிற்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை என்றானதும் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். இவ்வளவு சின்ன மாற்றம்தான் தேவைப்பட்டது.

மூன்று நாள் தங்கினோம். பார்த்த இடங்கள் நான்கு. பிள்ளைகளிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்திருந்தேன். காரவள்ளியிலும் செம்மேட்டிலும் நிழலில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். கீழே முப்பத்தேழு, மேலே முப்பது. ஏன் ஏழு குறைந்தது என்று மகன் இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தான். விடிந்ததும் எல்லோரும் நடை. மிளகுத் தோட்டங்களின் ஓரமாக, பலாப்பழ வாசனையில், அப்பாவின் வேகத்தில். சாமை, தினை, கேழ்வரகு விளையும் வயல்களைப் பார்த்ததும் அம்மா தன் சிறுவயதில் தின்ற சாமைச் சோற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவள் பிறந்த வீட்டுக் கதைகளில் பாதியை நான் அந்த நடையில்தான் முதல்முறை கேட்டேன். சோளக்காடு சந்தையில் அன்னாசியும் மலைவாழையும் வாங்கினோம். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை திண்ணைதான். தாயம், தூக்கம், அப்பாவின் ஓரி கதை. அந்தக் கதையை இந்தமுறை அவர் முழுதாகச் சொல்லி முடித்தார். சாயங்காலம் மாசிலா அருவி. அங்கே இறங்க வேண்டிய தூரம் குறைவு. ஒருநாள் வாசலூர்பட்டியில் படகு. இரவில் மொட்டை மாடியில் நட்சத்திரம்.

மலையில் பிள்ளைகளோடு நடக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஏற்றமான இடங்களை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பள்ளத்துக்கு இறங்குவதானால், ஏறி வரும் ஏற்றத்தை மனதில் வைத்து முடிவெடுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் வேண்டும். பொதுப் பாட்டில் என்றால் யாரும் குடிக்க மாட்டார்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. இதைக் கலக்கப் பத்து வயதுப் பிள்ளைக்கே கற்றுக்கொடுத்துவிடலாம். மலையில் கோடைமழை பிற்பகலில் திடீரென்று இடியோடு வரும். அருவித் தண்ணீர் கலங்கினாலோ, சத்தம் மாறினாலோ, அந்த நிமிடமே வெளியேறுங்கள். மேலே பெய்த மழை உங்களுக்குத் தெரியாது. வனத்துறை மூடி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஆனால் இவையெல்லாம் தெரிந்திருந்தாலும் 2019-இல் நான் அதே தவறைச் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அன்று எனக்குக் குறைவாக இருந்தது தகவல் அல்ல. என் வீட்டில் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறுகிறார்கள். கூச்சத்தால், மரியாதையால், என் உற்சாகத்தைக் கெடுக்கக் கூடாது என்ற அன்பால். வீட்டில் அது வெளியில் தெரியாமல் ஓடிவிடும். மலை அதை ஓட விடாது. குடும்பத்தை அழைத்துப் போகிறவன் வழியைத் தெரிந்துவைத்திருந்தால் மட்டும் போதாது. அவர்கள் சொல்லாததையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் போதும், சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றாம் நாள் காலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். மணி ஏழரை. மனைவியும் பிள்ளைகளும் ஆகாய கங்கைக்கு இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு பாட்டில், பத்து மணிக்குள் மேலே வந்துவிட வேண்டும் என்ற பேச்சு. அம்மா கோயிலுக்குள் இருந்தாள். நானும் அப்பாவும் படி தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்தோம். “நீ போகலையா சாமி?” என்றார். “இல்லைங்கப்பா, இங்கயே இருக்கறேன்” என்றேன். அன்று படியில் திட்டியதற்கு மன்னிச்சுக்கோங்க என்று அப்போதுதான் சொல்ல முடிந்தது. அவர் கீழே போகும் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

“அந்தத் தண்ணியக் குடு” என்றார்.